பதினேழாம் மரத்தில் ஒரு நீலக் கயிறு

மேடம்,

நேற்றுக் காலை பதினேழாம் மரத்தடியில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் வீட்டுக்காரர், வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக் கோவிந்தண்ணன், ஆராய்ச்சி நிலையத்தில் உங்கள் நாற்காலிக்கு வந்திருக்கும் அகிலா. மரத்தடி முனியப்பன் சாமியையும் சேர்த்தால் ஐந்து. கணக்கு அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வெப்பம் அளக்கிற வெள்ளைப் பெட்டியை என் வீட்டுக்காரர் ஏணியில் ஏறி இறக்கியபோது, அது மறைத்திருந்த கிளையில் ஒரு நீலக் கயிறு இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து நீங்களும் அங்கே நின்றுகொண்டிருந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

பெட்டியில் பேட்டரி மாற்றத்தான் இறக்கினோம். மாம்பால் வழிந்து காய்ந்து கறுத்துப்போயிருந்தது. அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு உங்கள் துணிப்பை ஞாபகம் வந்தது. துவைத்தும் போகாத அதே நெடி. மற்றவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், நான் கிளையைப் பார்த்தேன். அந்த மரத்தில் மஞ்சள் கயிறும் சிவப்புக் கயிறும் நூறு இருக்கும், எல்லாம் முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டு கட்டியவை. நீலம் ஒன்றுதான். மற்ற மரங்களில் பூங்கொத்துக்குக் கீழே குச்சியில் அடையாளத்துக்குக் கட்டுவோமே, நீங்கள் உருண்டையாக வாங்கி வந்த அந்த உல்லன் நூல். முடிச்சு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது. இடதுகையால் முடிச்சுப் போடுகிறவர் எங்கள் தோட்டத்துக்கு ஒருவர்தான் வந்திருக்கிறார்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உங்களுக்கு எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை. நாளைச் சாயங்காலத்துக்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கிளிமூக்கு மாங்காய் மரத்தில் முற்றி நிற்கிறது, அல்லது முற்றப் போகிறது. எது என்பதுதான் கேள்வி. கம்ப்யூட்டரில் நீங்கள் போட்டு வைத்த மாடல் அடுத்த புதன்கிழமை பறிக்கச் சொல்கிறது. வரும் சனி, ஞாயிறில் காற்றும் மழையும் என்று ரேடியோ சொல்கிறது. வைகாசிக் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஒரு முறை பம்புசெட்டு ரூமுக்குள் என்னோடு ஒண்டிக்கொண்டு நின்று பார்த்திருக்கிறீர்கள். முற்றாத காயைப் பறித்து அனுப்பினால் மாங்கூழ் ஆலை வண்டியோடு திருப்பி அனுப்பிவிடும். முற்றட்டும் என்று விட்டால் காற்று கொட்டிவிடும். ஆலையில் எங்களுக்கு அடுத்த வியாழக்கிழமைக்குத்தான் டோக்கன் போட்டிருக்கிறார்கள். மாற்ற வேண்டுமென்றால் நாளைச் சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். எங்கள் அறுபத்திரண்டு மரம் மட்டும் என்றால் நான் இவ்வளவு பதறமாட்டேன். உங்கள் தேதியை நம்பி இந்த வருஷம் இண்டூர்ப் பாதையில் இன்னும் ஐந்து தோட்டம் காத்திருக்கிறது.

அந்தத் தேதி தப்பு, மேடம். மாடலின் தப்பு இல்லை. என் தப்பு.

முதல் நாளிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழிக் காலையில் நீங்கள் வாய்க்காலில் ஒரு காலை விட்டு, சேற்றுச் செருப்போடு வந்து நின்றீர்கள். என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டே என்னிடம், "மருந்து விக்கற அம்மா ஒண்ணு வந்திருக்குது, வேணாம்னு சொல்லி அனுப்பு" என்றார். நானும் அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் எதையும் விற்கவில்லை. இந்தத் தோட்டத்தில் யாராவது மழைக் கணக்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டீர்கள். அதுவரை அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எட்டாவதோடு நின்றவள் நான். மழை பெய்தால் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஸ்கேல் வைத்து அளந்து எழுதி வைப்பது, எந்த மரம் எந்த நாள் பூத்தது, எத்தனை பிஞ்சு உதிர்ந்தது என்று குறிப்பது, இதெல்லாம் என் பைத்தியம் என்றுதான் வீட்டில் பேர். பதினோரு நோட்டை எடுத்து வந்து உங்கள் முன்னால் வைத்தேன். பம்புசெட்டு ரூம் வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்து படித்தீர்கள். வைத்த டீ ஆடை கட்டிப்போயிற்று.

கடைசியில் நிமிர்ந்து, "ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லையே அக்கா. இப்படி ஒரு நோட்டைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கும்" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலம் முனியப்பனுக்கு விளக்கேற்றும்போது அதை அவரிடமும் சொன்னேன்.

மாடல் என்றால் என்ன என்று எனக்குப் புரிய வைக்க நீங்கள் பட்ட பாடு. முதலில் கோடு போட்ட படம் காட்டினீர்கள், புரியவில்லை. பிறகு என் சமையல்கட்டுக்கு வந்து தயிர்ச் சட்டியைக் காட்டிக் கேட்டீர்கள், உறை ஊற்றினால் எத்தனை மணி நேரத்தில் தயிராகும் என்று. சித்திரையில் நாலு மணி நேரம், மார்கழியில் ராத்திரி முழுக்க என்றேன். "அப்ப தயிருக்குக் கடிகாரம் தெரியாது, சூடுதான் தெரியும். மாங்காயும் அப்படித்தான் அக்கா" என்றீர்கள். பூத்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் மரம் வாங்கிய வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டல் ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தொடும்போது காய் முற்றும். அந்த எண் ஒவ்வொரு ஊருக்கும், ஒவ்வொரு ரகத்துக்கும் வேறு. எங்கள் மண்ணில் கிளிமூக்குக்கு அந்த எண் என்ன என்று கண்டுபிடிக்கத்தான் நீங்கள் வந்தீர்கள். பூத்த தேதியை நான் தர வேண்டும், வெப்பத்தைப் பெட்டி தரும், முற்றிய நாளை நீங்களே வந்து பார்ப்பீர்கள். மூன்றும் கிடைத்தால் எண் கிடைக்கும்.

"கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. நாம சொல்றதை அப்படியே நம்பும். அது ஒண்ணுதான் அதுக்கிட்ட இருக்கற குறை." இதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்கு இப்போது ஒரு நாளைக்குப் பத்து தடவை கேட்கிறது.

வெள்ளைப் பெட்டியை எந்த மரத்தில் மாட்டுவது என்று வந்தபோது என் வீட்டுக்காரரே பதினேழைக் காட்டினார். தோட்டத்தின் நடுவில் இருக்கிறது, அடியில் முனியப்பன் கல் இருப்பதால் ஒரு திருட்டுக் கையும் அண்டாது என்றார். உங்களுக்கும் அது சரியாகப் பட்டது. பெட்டி இருக்கும் மரத்தையே ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம், அந்த மரத்துக் காயைத்தான் முற்றியதா என்று நான் சோதிக்கப் போகிறேன் என்றீர்கள். பிறகு நீல நூலைக் கொடுத்து, ஒவ்வொரு மரத்திலும் நாலு திசையிலும் சேர்த்துப் பத்துப் பூங்கொத்துக்கு அடையாளம் கட்டி, பாதிப் பூ விரிகிற நாளை எழுதச் சொன்னீர்கள்.

அறுபத்தோரு மரத்தில் கட்டினேன். பதினேழில் கட்டவில்லை.

முனியப்பன் மரத்தில் கயிறு கட்டினால் அது வேண்டுதல், மேடம். வேண்டிக்கொள்ளாமல் கட்டக்கூடாது. கட்டினவர்தான், காரியம் நடந்த பிறகு, வந்து அவிழ்க்க வேண்டும். இடையில் வேறு கை படக்கூடாது. பத்து நூல் கட்டினால் பத்து வேண்டுதலுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அந்த மரத்துப் பூவை விரல் விட்டு எண்ணுவதும் எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை. சாமியிடம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது போல ஆகிவிடும். இதை உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பீர்களோ என்று பயந்தேன். அதைவிட, இந்த அம்மாவுக்கு இந்த வேலை சரிப்படாது என்று நினைத்துவிடுவீர்களோ என்ற பயம் பெரிதாக இருந்தது. பதினெட்டாம் மரம் பத்தடி தூரத்தில்தானே இருக்கிறது, ஒரே ரகம், ஒரே வயசு, ஒன்று பூத்தால் இன்னொன்றும் பூக்காதா என்று நினைத்துப் பதினெட்டின் தேதியையே பதினேழுக்கும் எழுதினேன். மூன்று பருவம் அப்படி எழுதினேன். இந்த வருஷம் நீங்கள் இல்லாதபோதும் எழுதினேன்.

பதினெட்டு பாறையை ஒட்டி நிற்கிறது. பகலெல்லாம் பாறை சூடு வாங்கி அந்த மரத்துக்குக் கொடுக்கும். பதினேழுக்கு வாரா வாரம் அபிஷேகத் தண்ணீர் வேரில் இறங்கும், நிழலும் அதிகம். முந்திப் பூப்பதும் பிந்திப் பூப்பதும் எது என்று, மழையைப் பாட்டிலில் பிடித்து எழுதுகிறவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரியாதது போல இருந்தேன்.

போன வருஷம் முதல் முறையாக மாடல் தேதி சொன்னது. கோவிந்தண்ணன் வேலியில் சாய்ந்துகொண்டு, "மாங்கா பழுக்கற நாள கம்ப்யூட்டரு சொல்லுதாமா? அப்பறம் என்னாத்துக்கு கிளி, அணிலெல்லாம் வேலை மெனக்கெட்டு வருது?" என்று கேட்டார். நீங்கள் கோபப்படாமல், கிளிக்கும் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறோம் அண்ணா என்றீர்கள். அவருக்கு உங்களைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். சொன்ன தேதியில் பறித்தோம். ஆலையில் காயை அறுத்துப் பார்த்தவர், இந்தப் பக்கம் இவ்வளவு முற்றின காய் வந்ததே இல்லை என்றார். அந்தச் சேதி பாப்பாரப்பட்டிச் சந்தை வரை போயிற்று. இப்போதுதான் புரிகிறது. காய் அவ்வளவு முற்றியிருந்ததற்குக் காரணம், நாம் தேவைக்கு மேல் நாலைந்து நாள் மரத்தில் விட்டிருந்ததுதான். அந்த நாட்களில் காற்று அடிக்கவில்லை. காற்றின் தயவை நாம் கணக்கின் திறமை என்று எடுத்துக்கொண்டோம்.

நேற்றைக்கு வருகிறேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அகிலா லேப்டாப்பைத் திறந்தார். நல்ல பெண். உங்களைப் போலப் பேசமாட்டார், கேட்டதற்கு மட்டும் பதில். உங்கள் ஃபைலில் பதினேழாம் மரத்து வரிசை முழுக்க மஞ்சள் நிறம் பூசியிருந்தது. ஓரத்தில் நீங்கள் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தீர்கள். இரண்டே வார்த்தை. "அக்காவிடம். நேரில்."

அகிலா என்னைப் பார்த்துக் கேட்டார்: "பதினேழும் பதினெட்டும் நாலு வருஷமா ஒரே தேதி. ஒரு நாள்கூட மாறல. அது எப்படிங்க அக்கா?"

நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். ரெண்டும் பக்கத்துப் பக்கத்து மரம், ஒண்ணாப் பூத்திருக்கும் என்றார். அவருக்கு நிஜமாகவே தெரியாது. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொல்லவில்லை, என் நோட்டு தப்பாது என்ற நம்பிக்கையில் சொன்னார். அதனால்தான் என்னால் மறுக்க முடியவில்லை. அகிலா தலையை ஆட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை இந்த மாடலை நிலையத்துப் பெரியவர்கள் முன்னால் வைக்கப் போவதாகவும், அவர்கள் சரி என்றால் அடுத்த பருவத்திலிருந்து மாவட்டம் முழுக்க மா விவசாயிகள் போனில் இந்தத் தேதி போகும் என்றும் சொன்னார். உங்கள் பெயரில்தான் போகும் என்றார். நான் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு தண்ணீர்ச் சோதனை. உங்கள் பழைய பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து, பத்து மரத்திலிருந்து ஒவ்வொரு காய் போட்டார் அகிலா. முற்றினது மூழ்கும், முற்றாதது மிதக்கும். ஆறு மூழ்கியது, நாலு மிதந்தது. கோவிந்தண்ணன் வாளிக்குள் எட்டிப் பார்த்து, "தண்ணியும் பாதிப் பேச்சுதான் பேசுது. சரி விடுங்க, புதன்கெழமைன்னு தங்கச்சி நோட்டு சொல்லிட்டா புதன்கெழமைதான். நாங்க காத்திருக்கறோம்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

உங்கள் மாடல் என்றுகூடச் சொல்லவில்லை. தங்கச்சி நோட்டு என்றார்.

எல்லோரும் போன பிறகு நான் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கடைசியாக வந்த நாளை ஒவ்வொரு பேச்சாக எடுத்துப் பார்த்தேன். போன புரட்டாசி. முகம் வெளுத்திருந்தது, பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றீர்கள். அதற்கு மூன்று வாரம் கழித்து சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று கேள்விப்பட்டபோதுதான் அது பஸ் இல்லை என்று தெரிந்தது. அங்கிருந்து நீங்கள் உயிரோடு திரும்பவில்லை. களியும் கீரைக் கடைசலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். எங்கள் வூட்டுக் களி என்று நான் சொன்னதும், வழக்கம்போல, "வூடு, வூடு" என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தீர்கள். உங்கள் தெற்கத்தி வாயில் அந்த வார்த்தை கடைசி வரை உட்காரவில்லை.

அப்புறம் பதினேழாம் மரத்தடிக்கு வந்தீர்கள். தொங்கிய கயிறுகளைப் பார்த்து, இதெல்லாம் யார் கட்டினது என்று கேட்டீர்கள். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் கேட்டீர்கள். நான் சொன்னேன், குழந்தைக்கு வேண்டினவர்கள், கிணற்றில் தண்ணீருக்கு வேண்டினவர்கள், எல்லாம் இருக்கிறது என்று. சும்மா கட்டலாமா என்றீர்கள். கூடாது என்றேன். வேறு யாராவது அவிழ்க்கலாமா என்றீர்கள். அதுவும் கூடாது என்றேன்.

பிறகு என் முகத்தைப் பார்த்து, "அப்போ இந்த மரத்துல நூல் கட்டறது உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்குமே அக்கா" என்றீர்கள்.

நீங்கள் அவ்வளவு அகலமாகக் கதவைத் திறந்து வைத்தீர்கள். நான், "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம், பழகிப்போச்சு" என்றேன். பொய்யை வாயால் சொன்னது அன்றைக்கு ஒரு தடவைதான். அதுவரை எழுத்தில்தான் சொல்லியிருந்தேன். நான் உங்களுக்கு மோர் எடுத்து வர வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது நீங்கள் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தீர்கள். பெட்டியைத் துடைத்தேன் என்றீர்கள்.

இன்று விடிகாலை குளித்துவிட்டுச் சாமி அலமாரியைத் திறந்தேன். தோட்டத்து நோட்டு வேறு, சாமி நோட்டு வேறு என்று உங்களுக்குத் தெரியாது. நான் காட்டியதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் முனியப்பனுக்கு விளக்கேற்றிவிட்டு வந்து ஒரு வரி எழுதுவேன். எண்ணெய் போதவில்லை, இன்று செவ்வரளி கிடைத்தது, கல்லின் மேல் பல்லி இருந்தது, இப்படி. அதில் நான் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை, அதனால் அதில் பொய்யும் இல்லை. தை, மாசி மாதங்களைப் புரட்டினேன். முதல் வருஷம்: "சாமி தலையில் மாம்பூ உதிர்ந்திருந்தது, துடைக்க மனசு வரவில்லை." அதற்கு முந்தின வெள்ளியில் பூவைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்த வருஷமும் அப்படி ஒரு வரி. அதற்கடுத்த வருஷமும். இந்த வருஷமும்.

பதினெட்டு பூத்ததாக நான் எழுதிய தேதிக்கும், பதினேழின் பூ சாமி தலையில் உதிர்ந்த வெள்ளிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணினேன். பூத்து எத்தனை நாளில் உதிர்ந்தது என்பது முனியப்பனுக்குத்தான் தெரியும், வெள்ளிக்கும் வெள்ளிக்கும் நடுவில் ஏழு நாள் இருட்டு. அதற்கெல்லாம் இடம் விட்டுப் பார்த்தாலும், பதினேழு குறைந்தது ஐந்து நாள், அதிகம் போனால் பன்னிரண்டு நாள் பிந்தித்தான் பூத்திருக்கிறது. அந்த நாட்களின் வெப்பத்தை நான் மரத்தின் கணக்கில் அநியாயமாக ஏற்றியிருக்கிறேன். தயிர் உறையும் நேரத்தோடு பால் கறந்த நேரத்தையும் சேர்த்து எண்ணின மாதிரி. அதனால் உங்கள் எண்ணே பெரிதாகிவிட்டது, சரியான தேதி எழுதின மற்ற மரங்களுக்கெல்லாம் அது பிந்தின நாளைச் சொல்கிறது. மாசி வெயில் வைகாசி வெயிலைவிட இளசு, அதனால் இப்போதைய நாளாக மாற்றினால் நாலிலிருந்து எட்டு நாள். அடுத்த புதனிலிருந்து பின்னால் எண்ணினேன். எப்படிப் போட்டாலும் இந்தச் சனிக்கிழமையைத் தாண்டவில்லை. காய் இன்றைக்கே தயாராக இருக்கலாம்.

வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் பல் விளக்கின சொம்பைக் கீழே வைத்தார்.

"பறிக்கற நாள மாத்திக்கலாம். அதுக்குக் காத்துன்னு ஒரு சாக்கு இருக்குது. நோட்டு தப்புன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லாத. அந்தம்மா பேரும் சேந்து போயிரும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. காற்றுக்குப் பயந்து முந்திப் பறிக்கிறோம் என்று சொல்லிவிடலாம். ஐந்து தோட்டமும் கேட்கும். உங்கள் மாடலும் பேரோடு இருக்கும், என் நோட்டும் பேரோடு இருக்கும். அடுத்த வருஷம் மாவட்டம் முழுக்க அது தப்புத் தேதி சொல்லும், அவ்வளவுதான். காற்றடிக்காத வருஷங்களில் யாருக்கும் தெரியாது.

இந்த யோசனையோடு அரை மணி நேரம் கோலப் பொடிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், ஒரு புள்ளி வைக்கவில்லை. பிறகு கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு வேலிக்குப் போனேன்.

கோவிந்தண்ணன் சொட்டுநீர்க் குழாயை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணா, என் தேதிய நம்பாதீங்க என்றேன். ஏனென்று கேட்டார். சொன்னேன். கயிறு, பதினெட்டு, பதினேழு, சாமி நோட்டு, எல்லாம். அவர் கிண்டல் பண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். பண்ணியிருந்தால் தாங்கியிருப்பேன். குழாயைக் கீழே போட்டார்.

"மூணு நாலு வருசமா சாமிக்குப் பயந்திருக்கற. சரி. எங்களுக்குக் கொஞ்சம் பயந்திருக்கலாமில்ல தங்கச்சி?"

அவர் போனை எடுத்து, பறிக்கிற ஆட்களை வெள்ளிக்கிழமைக்கே வரச் சொல்லிப் பேசிக்கொண்டே நடந்தார். வேலி முனை வரை போனவர் திரும்பி, மீதி நாலு தோட்டத்துக்கும் தானே சொல்லிவிடுவதாகவும், அகிலாவிடம் மட்டும் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். என்ன காரணம் சொல்லப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆலைக்கு என் வீட்டுக்காரரே போன் பண்ணி டோக்கனை மாற்றிக் கேட்டிருக்கிறார். நாளைக்குள் சொல்கிறோம் என்றார்களாம். அவர் என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார், அவர் கோபத்தின் அடையாளம் அதுதான்.

அகிலாவுக்குப் போன் பண்ணி, நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன், ரெண்டு நோட்டு கொண்டு வருகிறேன் என்றேன். என்ன விஷயம் என்று கேட்டார். நேரில் சொல்கிறேன் என்றேன். அந்த மஞ்சள் வரிசை அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

உங்களுக்கு எழுத உட்காருவதற்கு முன்னால் தோட்டத்து நோட்டை எடுத்தேன். தப்பு எழுதினால் அழிக்காதீர்கள், மேலே பேனாவால் தீற்றாதீர்கள், ஒரே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள், தப்பும் தெரிய வேண்டும் திருத்தினதும் தெரிய வேண்டும் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு அது தேவைப்படாது என்று நினைத்துக்கொண்டே கேட்டிருந்தேன். இன்று நாலு பக்கத்தில் நாலு கோடு போட்டேன். பக்கத்தில் தேதி எழுத முடியவில்லை. "ஐந்து முதல் பன்னிரண்டு நாள் பிந்தி. எண்ணவில்லை. காரணம் என் பயம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் நோட்டில் இவைதான் முதல் அடித்தல்கள். இனி அதைப் பார்த்தால் உங்களுக்குப் பயமாக இருக்காது.

இனி உங்களிடமிருந்து எனக்கு ஒன்று தெரிய வேண்டும், மேடம்.

நாளை நான் சொல்வதை அகிலா உங்கள் பெயருக்குக் கீழேதான் எழுதுவார். நீங்கள் தப்புச் செய்யவில்லை என்றும் எழுதச் சொல்வேன், ஆனால் மாடலில் தப்பு என்றுதான் ஊர் பேசும். அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். அப்புறம் அந்த நீலக் கயிறு. அன்றைக்கு ஏணியில் ஏறிக் கட்டினது நான் மறைத்ததைத் தெரிந்துகொண்டதற்கு அடையாளமாகவா, இல்லை, உடம்புக்கோ எனக்காகவோ எதற்கோ வேண்டிக்கொண்டா? அடையாளம் என்றால் வெள்ளிக்கிழமை காலை, ஆட்கள் மரம் ஏறுவதற்கு முன்னால், நானே அவிழ்த்து நோட்டுக்குள் வைத்துக்கொள்கிறேன். வேண்டுதல் என்றால் நான் தொடமாட்டேன், யாரையும் தொட விடமாட்டேன். அந்தக் கிளையில் காய் இருந்தாலும் விட்டுவிடச் சொல்கிறேன்.

எப்படிச் சொல்வீர்களோ தெரியாது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்குள் தெரிந்தால் போதும். தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.